கலந்து தரும் மருந்துக்கு ஒரு வரி பில் போதுமா?

மெடிக்கல் ஷாப்பில் மருந்து வாங்கினால் இன்று பெரும்பாலும் கம்ப்யூட்டர் பில் கிடைக்கிறது. மருந்தின் பெயர், தயாரித்த நிறுவனம், பேட்ச் எண், காலாவதியாகும் மாதம், விலை, வரி என எல்லாம் அதில் அச்சாகி வருகின்றன. கையால் எழுதிய பில்லோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஒரு வகை மருந்துக்கு மட்டும் இந்த பில் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. டாக்டர் எழுதித் தரும் அளவுப்படி, பார்மசிஸ்ட் தம் கையால் கலந்து தயாரித்துத் தரும் மருந்துதான் அது.

இப்போதும் அப்படி யார் மருந்து கலக்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? முன்பு ஊருக்கு ஊர் கம்பவுண்டர் இருந்தார். கலப்பவர் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். மிக்ஸ்சரை பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு எனக் காட்ட ஓரங்களை வெட்டிய காகிதத்தை பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். இன்று எல்லாமே ஸ்ட்ரிப்பிலும் சீல் வைத்த பாட்டிலிலும் வருவதால் அந்தக் காட்சி மறைந்துவிட்டது. வேலை மறையவில்லை. தோல் டாக்டர்கள் எழுதும் களிம்புகள், பச்சிளம் குழந்தைகளுக்காக மாத்திரையைப் பொடி செய்து எடை போட்டுக் கட்டும் பொட்டலங்கள், ஊசி மருந்திலிருந்து தயாரிக்கும் கண் சொட்டு மருந்துகள் ஆகியவை இன்றும் கலந்துதான் தரப்படுகின்றன. இவற்றை வாங்குபவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் தயார் மருந்து பொருந்தாததால்தான் அவர்கள் இதற்கு வருகிறார்கள். வேறு வழி இல்லாத நோயாளிகள் அவர்கள்.

ஓர் உதாரணம்

நெல் விளையும் ஊர்களில் கதிர் அடிக்கும்போது உமியோ தாளோ கண்ணில் பட்டு, கருவிழியில் பூஞ்சைக் காளான் தொற்று வருவதுண்டு. கண் டாக்டர்கள் இதற்குத் தரும் மருந்துகளில் வோரிகோனசோல் ஒன்று. தயாரான சொட்டு மருந்து கையிருப்பில் இல்லாதபோது, 200 மில்லிகிராம் ஊசிக் குப்பியில் 19 மில்லி சுத்திகரித்த ஊசி நீரைச் சேர்ப்பார்கள். 20 மில்லி கரைசல் கிடைக்கும். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம், அதாவது 1 சதவீதம். கிருமி புகாத சூழலில், பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை இது. கணக்கைக் காட்டவே இங்கு சொல்கிறேன். வீட்டில் யாரும் முயற்சி செய்யக் கூடாது.

இப்போது பில்லைப் பாருங்கள். முதல் வரியில் வோரிகோனசோல் ஊசி, 1 எண்ணிக்கை. இரண்டாவது வரியில் ஊசி நீர், 2 எண்ணிக்கை. எதிரே குப்பியின் மேல் அச்சிட்ட காலாவதி மாதம். அது ஓராண்டு, இரண்டாண்டு தள்ளிக்கூட இருக்கலாம்.

கடைக்காரர் விற்றது இவைதான் என்பதால் இந்த பில்லில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் குளிர்ப்பெட்டியில் இருப்பது ஊசி மருந்து அல்ல, கண் சொட்டு மருந்து. கரைத்த பின் அதன் ஆயுள் நாள் கணக்கில்தான். பில்லில் உள்ள தேதியை நம்பி, மீதமிருக்கும் மருந்தை அடுத்த அறுவடையில் இன்னொருவர் கண்ணில் விட்டால் என்ன ஆகும்? நோயாளி வேறு டாக்டரிடம் போய் இந்த பில்லைக் காட்டினால், அவர் ஊசி போடப்பட்டதாக அல்லவா எண்ணுவார்? செறிவு 1 சதவீதமா, 2 சதவீதமா என்பதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்?

சாப்ட்வேரில் எங்கே சிக்கல்?

பில்லிங் சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்குகிறேன். மருந்துக் கடை சாப்ட்வேர்கள் பெரும்பாலும் ஒரு பொருள், ஒரு வரி, ஒரு பேட்ச் என்ற அடிப்படையில் அமைந்தவை. ஸ்ட்ரிப்பை ஸ்கேன் செய்தால் பார்கோடு படிக்கப்படும். டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கு உரிய பொருள் தேடப்படும். விலை வரும். ஸ்டாக்கில் ஒன்று குறையும். வேலை முடிந்தது.

கலந்த மருந்து இந்த அமைப்பில் பொருந்தாது. அதற்கு பார்கோடு கிடையாது. ஒரு தயாரிப்புக்குள் இரண்டு, மூன்று, நான்கு பொருட்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பேட்ச். யூனிட்டும் சிக்கல் தரும். அரை கிலோ பாட்டிலிலிருந்து 3 கிராம் பொடி எடுத்தால், 1 பாட்டில் என்று மட்டுமே கணக்குத் தெரிந்த சாப்ட்வேர் என்ன செய்யும்? கடைசியில் கடைக்காரர் இதர வகை என்றோ, மிக்சிங் சார்ஜ் என்றோ ஒரு வரி போட்டு, மொத்தப் பணத்தை அதில் அடித்துவிடுவார். கல்லாக் கணக்கு சரியாகிவிடும். மருந்துக் கணக்கு தொலைந்துவிடும்.

பில்லில்தான் எச்.எஸ்.என். கோடு இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். அது வரிக்காக ஏற்பட்ட கோடு. உலக சுங்க அமைப்பு வகுத்த இந்த எண் வரிசையில், சில்லறை விற்பனைக்காகக் கட்டிய மருந்துகளில் மிகப் பல 3004 என்ற ஒரே தலைப்பில் அடங்கிவிடும். இருமல் மருந்துக்கும் அதுதான், கண் மருந்துக்கும் அதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, அந்த மாற்றத்தைக் கணக்கில் ஏற்ற இந்தக் கோடு உதவியது. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது.

2023 ஆகஸ்ட் 1 முதல் 300 முக்கிய மருந்து பிராண்டுகளின் மேல் பார்கோடு அல்லது க்யூ.ஆர். கோடு கட்டாயம் ஆனது. அதனை ஸ்கேன் செய்தால் தயாரிப்பாளர், பேட்ச், தேதி எல்லாம் தெரியும். நல்ல திட்டம். ஆனால் அது தொழிற்சாலையில் அட்டைப் பெட்டியோடு முடிந்துவிடுகிறது. பெட்டியைப் பிரித்துக் கலந்த மருந்துக்கு அந்த வசதி இல்லை.

சட்டம் முன்பே சொல்லிவிட்டது

டாக்டர் சீட்டுக்கு மருந்து கலப்பது பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டின் வேலை என்று 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவு கூறுகிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆவது விதி இன்னும் விரிவாகப் பேசுகிறது. சீட்டுக்கு மருந்து தரும்போது வரிசை எண், தேதி, டாக்டர் பெயர், நோயாளி பெயர் ஆகியவற்றைப் பதிய வேண்டும். கடையிலேயே தயாரித்த மருந்து என்றால், அதில் சேர்ந்த பொருட்களையும் அவற்றின் அளவையும் எழுத வேண்டும். பார்மசிஸ்ட் கையொப்பம் இட வேண்டும்.

கம்ப்யூட்டர் என்ற சொல்லையே நம் ஊரில் யாரும் கேட்டிராத காலத்தில், ஒரு நல்ல டேட்டாபேஸுக்கு வேண்டிய பீல்டுகளை இந்த விதி வரிசையாகச் சொல்லிவிட்டது. காகிதப் பதிவேட்டில் இருந்த இந்த விவரங்கள் கம்ப்யூட்டருக்கு மாறியபோது பில்லிங் மட்டும் மாறியது. பதிவேடு பழைய நோட்டிலேயே நின்றுவிட்டது. இரண்டுக்கும் இடையே தொடர்பு இல்லை. பில் எண்ணை வைத்துப் பதிவேட்டைத் தேட முடியாது. பேட்ச் எண்ணை வைத்து நோயாளியைத் தேட முடியாது.

பேட்ச் எண் உயிர் காக்கும்

பேட்ச் எண்ணுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? 2025 அக்டோபரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அவர்கள் குடித்த கோல்ட்ரிப் என்ற இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. எஸ்.ஆர்-13 என்ற பேட்ச்சைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, அதில் 48.6 சதவீதம் டை எதிலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது தெரிந்தது. 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் பலியானார்கள். எந்த பாட்டிலைக் கொடுக்கக் கூடாது என்று கடைக்காரருக்கும் பெற்றோருக்கும் குறிப்பாகச் சொல்ல உதவியது பாட்டிலின் மேல் இருந்த அந்தச் சிறிய பேட்ச் எண்தான்.

அது தொழிற்சாலை மருந்து. கலந்து தயாரித்த மருந்தில் இப்படி நேர்ந்தால்? அமெரிக்காவில் நேர்ந்தது. 2012ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் தயாரித்த ஸ்டீராய்டு ஊசி மருந்தில் பூஞ்சை கலந்துவிட்டது. 3 பேட்ச்கள், 17 ஆயிரத்துக்கும் அதிகமான குப்பிகள், 23 மாநிலங்களில் 76 மருத்துவ மையங்கள். அந்த மருந்தைப் பெற்ற சுமார் 14 ஆயிரம் பேரைத் தேடிப் பிடித்து எச்சரித்தார்கள். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013ல் வெளியிட்ட கணக்கின்படி 753 பேர் பாதிக்கப்பட்டு 64 பேர் இறந்தனர். எந்தக் குப்பி எந்த மையத்துக்குப் போனது, அங்கே யாருக்குப் போடப்பட்டது என்ற பதிவு இல்லாதிருந்தால், இந்த எண்ணிக்கை எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று எண்ணவே அச்சமாக உள்ளது. அதே நிறுவனம் கற்பனைப் பாத்திரங்களின் பெயர்களை நோயாளிகள் என்று எழுதிச் சீட்டுகளைத் தயாரித்தது என்பது பின்னர் வழக்கில் வெளிவந்தது. பீல்டு இருந்தால் போதாது, அதில் உண்மையும் இருக்க வேண்டும் என்பதற்கு இது பாடம்.

பணத்துக்காக வந்த கோடு

அமெரிக்காவில் கலந்த மருந்துக்குத் தனிக் கோடு முறையே உண்டு. பார்மசிகள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பும் பில்லுக்கு டி.0 என்ற பொது வடிவம் 2012 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. இது கலந்த மருந்தா என்று கேட்கும் பீல்டில் 2 என்று போட்டால், சேர்ந்த பொருட்களை 25 வரை வரிசையாகத் தரலாம். ஒவ்வொன்றுக்கும் 11 இலக்க மருந்து எண், அளவு, விலை. கலப்பதற்கு எடுத்த உழைப்பைக் காட்டவும் 11 முதல் 15 வரை கோடுகள் உண்டு.

இவ்வளவு ஒழுங்கு எதற்காக? பணம் தருபவர் கேட்டார், அதற்காக. பணத்துக்காக மட்டும் அமைந்த கோடு எங்கே கொண்டு போய் விடும் என்பதையும் அதே நாடு கண்டது. பொருளுக்குப் பொருள் பணம் என்றதும், தேவையற்ற விலை உயர்ந்த பொருட்களைக் கலந்து வலி களிம்பு என்று விற்கும் கூட்டம் கிளம்பியது. ராணுவத்தினருக்கான டிரைகேர் திட்டம் கலந்த மருந்துகளுக்காக 2015 நிதியாண்டில் 170 கோடி டாலருக்கு மேல் செலவழிக்க நேர்ந்தது. அந்த ஆண்டு மே மாதம் சோதனையைக் கடுமையாக்கிய பிறகே செலவு சரிந்தது.

நம் நாட்டில் நிலைமை நேர் எதிர். வெளிநோயாளியாக வாங்கும் மருந்துக்குப் பெரும்பாலும் நாமே கையிலிருந்து பணம் தருகிறோம். விவரமாக பில் கொடு என்று அதட்டிக் கேட்க இன்சூரன்ஸ் கம்பெனி நடுவில் இல்லை. அதனால்தான் சாப்ட்வேர் நிறுவனங்களும் இதில் அக்கறை காட்டவில்லை. என் கருத்து இதுதான்: கலந்த மருந்துக்கு நமக்கும் ஒரு கோடு முறை வேண்டும். அது பணம் வசூலிக்க அல்ல, ஆளைக் கண்டுபிடிக்கவும் அளவைத் தெரிந்துகொள்ளவும் வேண்டும்.

எல்லை ஊரின் தேவை

எங்கள் பூவத்தில் இருந்து பார்த்தால் இந்தத் தேவை இன்னும் தெளிவாகத் தெரியும். காரைக்காலில் இருந்து தரங்கம்பாடி செல்லும் சாலையில், நண்டலாற்றை ஒட்டிப் புதுச்சேரி மாநிலத்தின் எல்லை முடிகிறது. இந்தப் பக்கத்துக் கடை பில்லில் ஜி.எஸ்.டி. எண் 34 என்று தொடங்கும். பாலம் தாண்டினால் 33. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் இங்கே வேறு, அங்கே வேறு. நோய்க்கு இந்த எல்லை தெரியாது. காரைக்காலில் டாக்டரைப் பார்த்து, மயிலாடுதுறையில் மருந்து வாங்கி, தஞ்சாவூரில் மேல் சிகிச்சைக்குப் போகும் குடும்பங்கள் இங்கு சாதாரணம். மூன்று ஊருக்கும் பொதுவாகப் போய்ச் சேருவது நோயாளியின் கையில் உள்ள காகிதம் ஒன்றுதான். அந்தக் காகிதம் முழுமையாக இருக்க வேண்டாமா?

ஒரு காலத்தில் காரைக்காலை ஆண்ட பிரெஞ்சு நாட்டில் இதற்கு எளிய வழக்கம் ஒன்று உண்டு. பார்மசியில் கலக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் பதிவேட்டில் ஓர் எண் தருகிறார்கள். அதே எண் பாட்டில் லேபிளிலும் இருக்கும். எண்ணைச் சொன்னால் போதும், யார், எப்போது, எதை எவ்வளவு சேர்த்துக் கலந்தார் என்பது வந்துவிடும். பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லாத வழக்கம் இது.

தேசிய அளவிலும் அடித்தளம் இருக்கிறது. டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் 2020 ஆகஸ்ட் 15 அன்று ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கியபோது, அவற்றில் புதுச்சேரியும் ஒன்று. மருந்துப் பொருட்களுக்கும் நோய்களுக்கும் உலகப் பொதுக் கோடு தரும் ஸ்னோமெட் சி.டி. அமைப்பில் இந்தியா 2014ல் உறுப்பினராகச் சேர்ந்தது. நம் நாட்டில் அதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கடைக் கவுன்டர் வரை அது வந்து சேர வேண்டும்.

சிறிய கடைக்கும் முடியும்

இதற்கெல்லாம் புது சாப்ட்வேர் வாங்க வேண்டுமா? தொடக்கத்துக்குத் தேவையில்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்காரர் எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் புரோகிராமிலேயே தொடங்கிவிடலாம். ஒரே பைலில் இரண்டு ஷீட்கள் போதும்.

முதல் ஷீட்டின் பெயர் தயாரிப்பு. ஒரு மருந்துக்கு ஒரு வரிசை. தயாரிப்பு எண், தேதி, நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்தின் வடிவம், செறிவு, மொத்த அளவு, பயன்படுத்தும் முறை, தூக்கி எறிய வேண்டிய தேதி, பார்மசிஸ்ட் பெயர், பில் எண் ஆகியவை இதில் வரட்டும்.

இரண்டாவது ஷீட்டின் பெயர் சேர்மானம். ஒரு பொருளுக்கு ஒரு வரிசை. தயாரிப்பு எண், பொருளின் பெயர், நிறுவனம், பேட்ச், காலாவதி, எடுத்த அளவு ஆகியவை இதில் வரட்டும். கண் மருந்து உதாரணத்தில் முதல் ஷீட்டில் ஒரு வரிசையும், இரண்டாவதில் மருந்து, நீர் என இரண்டு வரிசைகளும் இருக்கும். நீர்க் குப்பிகள் வேறு வேறு பேட்ச் என்றால் இன்னொரு வரிசை கூடும். இரண்டு ஷீட்டையும் இணைப்பது தயாரிப்பு எண்.

நாளை ஒரு பேட்ச் தவறானது என்று அறிவிப்பு வந்தால், சேர்மானம் ஷீட்டில் பில்டர் போட்டு அந்த பேட்ச்சைத் தேர்ந்தெடுக்கவும். தயாரிப்பு எண்கள் கிடைக்கும். அவற்றை முதல் ஷீட்டில் தேடினால் நோயாளிகளின் பெயர்கள் கிடைக்கும். சில நிமிட வேலை. இதையே நோட்டில் தேடினால் ஒரு நாள் போகும்.

ஷீட் இருப்பதால் சட்டப்படியான பதிவேட்டையும் கையொப்பத்தையும் விட்டுவிடக் கூடாது. அதனைத் தேடித் தரும் கருவியே இது. நோயாளிகளின் நோய் விவரம் அந்தரங்கமானது என்பதால் பைலுக்குப் பாஸ்வேர்ட் அவசியம். வாரம் ஒரு முறையாவது பென் டிரைவில் பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வைக்கவும். ஹார்ட் டிஸ்க் போனால் பதிவும் போய்விடும்.

கூட்ட நேரத்தில் இதற்கெல்லாம் யார் உட்காருவது என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் கலந்த மருந்து நாளுக்கு நூறு வருவதில்லை. ஒன்றிரண்டுக்கு ஐந்து நிமிடம் செலவிடுவது பெரிய சுமை அல்ல. மேலும் ஸ்ட்ரிப் மருந்துக்குத் தொழிற்சாலையில் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கலந்த மருந்துக்குப் பதிவு ஒன்றுதான் பின்னால் நின்று சாட்சி சொல்லும்.

நீங்கள் செய்ய வேண்டியது

கலந்து தரும் மருந்தை வாங்கினால், கவுன்டரை விட்டு நகரும் முன் நான்கு விவரங்களை எழுதித் தரச் சொல்லுங்கள். உள்ளே என்னென்ன, எவ்வளவு செறிவு. எந்த நாளோடு தூக்கி எறிய வேண்டும். எப்படிப் பயன்படுத்த வேண்டும். பதிவேட்டு எண் என்ன. பாட்டில் லேபிளில் இவை இருந்தால் மிகவும் நல்லது. டாக்டர் சீட்டு, பில், லேபிள் மூன்றையும் செல்போனில் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் நோயாளியின் பெயரில் ஒரு போல்டர் திறந்து, தேதியைப் பைல் பெயராக வைத்து சேமித்திடுங்கள். அடுத்த டாக்டரிடம் அந்தப் போல்டரையே காட்டலாம்.

வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் கேட்பார். கடைக்காரர் கேட்டால் சாப்ட்வேர் நிறுவனம் அந்த இரண்டாவது டேபிளைச் சேர்த்துவிடும். எழுதுபவர்களுக்கு அது சில நாள் வேலைதான். இதுவரை யாரும் கேட்கவில்லை. இனி கேட்போம்.